பற்று வரவு

மார்ச் மாதம் எங்கள் வைக்சாரே தீவில்
கடல் ஒரு முடிவுக்கு வராது.
நடந்தால் உடையும், படகு விட்டால் இறுகும்.
அந்த மூன்று வாரமும்
முப்பத்தொரு பேரும் ஒரு தபால் பெட்டியும்
எந்த தேசத்துக்கும் சொந்தமில்லை.

அப்படியொரு வியாழன் மதியம்தான்
ஹெய்னோவைக் கண்டெடுத்தார்கள்,
உருளைக்கிழங்கு நிலவறையின் கடைசிப் படியில்.
போகக் கூடாத பக்கம் போயிருந்தது கழுத்து.
வழுக்கிவிட்டான் என்றது ஊர்.
நானும் தலையாட்டினேன்.
படியெல்லாம் பனி, வயது எழுபது,
குடித்திருக்கவும் கூடும்,
குடிக்காத நாள் எது.
சுவரில் அவன் நாட்காட்டி மட்டும்
திங்களைத் தாண்டிக் கிழிபடவில்லை.

போனில் கான்ஸ்டபிள் மார்குஸ்:
"எதையும் தொடாதீர்கள், ஐஸ் விட்டதும் வருகிறேன்."
அதற்குள் நாங்கள் அவனைக் குளிப்பாட்டி
நீலச் சட்டை போட்டு
தலையும் சீவிவிட்டிருந்தோம்.

சாயங்காலம் எல்லோரும் என் கடையில்.
பெரிய அடுப்பு இங்கேதான் இருக்கிறது.
லைனே டீச்சர் ஏலக்காய் ரொட்டி சுட்டு வந்தாள்.
ஆர்வெட் வழக்கம்போல விறகு அடுக்கினான்,
கையுறையைக் கழற்றாமலே.
யாரோ அழுதார்கள்,
அழுதவருக்கு யாரோ சர்க்கரை நீட்டினார்கள்.
த்ரீபு, ஹெய்னோவின் கோடு போட்ட பூனை,
என் கல்லாப்பெட்டி மேல் சுருண்டு
வெண்ணெயைக்கூட மோந்து பார்க்கவில்லை.

அங்கேதான் எனக்கு உறுத்தியது.
மூன்று நாள் பட்டினி கிடந்த பூனை
ஊரைக் கூட்டியிருக்க வேண்டும்.
இதுவோ தொப்பை தொங்கத் தூங்குகிறது.

எல்லோரும் போன பிறகு
பற்று வரவுப் புத்தகத்தை விரித்தேன்.
இந்தத் தீவில் ரகசியம் என்பது
நான் இன்னும் புரட்டாத பக்கம்.

செவ்வாய்: ஆர்வெட், சாளை மீன் டப்பா, ஒன்று.
புதன்: ஆர்வெட், அதே.
வியாழன் காலை: அதே.

மீன் எண்ணெய் பட்டாலே
தோல் தடித்துப்போகிறவன் ஆர்வெட்.
பால்டிக் கடலுக்கு நடுவில்
முட்டையும் பீட்ரூட்டும் தின்றே
அறுபது வருடம் தள்ளிய ஒரே ஆள்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள்.
இங்கே பூனை கட்டிவிட்டது.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பி
அவன் பக்கம் நகர்த்தினேன். ஒன்றும் கேட்கவில்லை.
கையுறையைக் கழற்றி, வீங்கின விரலால்
வரிவரியாகப் படித்தான்,
கூட்டல் சரியா என்று பார்ப்பவன் போல.

"ஒரே ஒரு தள்ளுதான்," என்றான்.
"என் அண்ணன் படகு விளக்கை
இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராதவன் அவன்.
அன்று இருட்டிலேயே போன அண்ணன்
திரும்பி வரவில்லை, உனக்குத் தெரியும்.
முப்பது வருடம் கழித்து அதை
ஒரு சிரிப்புக் கதையாகச் சொன்னான்.
சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து,
"பூனை ஜன்னலில் நின்று கத்தியது.
அது என்ன பண்ணும் பாவம்."

"பூட்டி வையுங்கள்," என்றார் மார்குஸ்.
தீவில் பூட்டு ஒன்றே ஒன்றுதான்,
மாவு மூட்டை அறையில், எலிக்குப் பயந்து போட்டது.
துருவேறி, சாவி சுற்றவில்லை.
ஆர்வெட் குனிந்து பார்த்தான்,
எண்ணெய் கேட்டான்,
கழற்றினான், துடைத்தான், மாட்டினான்,
இரண்டு தரம் திருகிக் காட்டிவிட்டு
உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்.

இப்போது விறகை நாங்களே பிளக்கிறோம்,
கோணல்மாணலாக.
ரொட்டியை லைனே முப்பதாகத்தான் வெட்டுகிறாள்.
ஒரு துண்டைத் துணியில் சுற்றி
அந்தக் கதவடியில் வைக்கும்போது
எல்லோருக்கும் ஜன்னலுக்கு வெளியே
பார்க்க ஏதோ இருக்கிறது.

ராத்திரி ஐஸ் விரிசல் விடும் சத்தம்.
த்ரீபு மாவு அறைக் கதவைப் பிறாண்டுகிறது.
ஒரு டப்பா திறந்து வைத்துவிட்டு
பென்சிலை நாக்கில் தொட்டேன்,
யார் பற்றில் எழுதுவதென்று
இன்னும் எழுதவில்லை.